பழைய வீட்டில் சீலிங் லைட் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒயரைப் பாருங்கள்

புது லைட் வாங்கி வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டுத் தாள் இருக்கும். மூன்று ஒயர், மூன்று நிறம், எது எங்கே போகும் என்று படம். சரி, நாமே மாட்டிவிடலாம் என்று மேலே இருக்கும் பழைய ஹோல்டரைக் கழற்றினால் அங்கே இருப்பது இரண்டே ஒயர், இரண்டும் ஒரே கறுப்பு, மேலே நூல் சுற்றியது, விரல் பட்டதும் ரப்பர் வறுத்த தூள் மாதிரி உதிர்ந்து கண்ணில் விழுகிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் இருக்காது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் அம்மா வழித் தாத்தா வீடு மயிலாடுதுறைப் பக்கம். தேக்கு உத்தரம் போட்டு, அதன் மேல் கட்டை அடுக்கி, செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்துச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். ஒயரிங் முழுக்க மரப்பட்டியின் மேல் கிளிப் அடித்து ஓடுகிற பழைய பாணி. அந்த வீட்டில் கூடம், ரேழி, சமையலறை என்று ஒவ்வொரு லைட்டாக மாற்றியதில் கற்றுக்கொண்டது இது. ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: எந்த லைட் மாட்டலாம் என்பதை முடிவு செய்வது கடைக்காரரோ நீங்களோ இல்லை, மேலே இருக்கும் அந்தப் பழைய ஒயர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. வீட்டு ஒயரிங் வேலையை உரிமம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதைச் சொன்னது, அதே விதி ஒரு விலக்கும் கொடுத்தது. 250 வோல்ட்டுக்கு மேற்படாத இடத்தில் பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், லைட் ஃபிட்டிங் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாமல், ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வந்த மத்திய மின்சார ஆணைய விதிகளிலும் இந்த விலக்கு இருக்கிறது. ஆகவே பழைய லைட்டைக் கழற்றிப் புது லைட்டை மாட்டுவது உங்கள் கைவேலை. புதிதாக ஒரு பாயின்ட் இழுப்பது, ஒயரை மாற்றுவது, போர்டைத் திருத்துவது எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் வீட்டில் என்ன ஒயரிங்?

ஏணியில் ஏறுவதற்கு முன் கீழே நின்றபடியே பாதி கண்டுபிடித்துவிடலாம். சுவரிலும் உத்தரத்திலும் மர டப்பா மாதிரி பள்ளம் வெட்டிய கட்டை, மேலே மூடி வைத்து ஆணி அடித்திருந்தால் அது கேசிங் கேப்பிங், உள்ளே இருப்பது பெரும்பாலும் ரப்பரின் மேல் நூல் பின்னிய ஒயர். ஒல்லியான மரப்பட்டியின் மேல் ஒயர் வெளியே தெரிய ஓடி, அரை அடிக்குள் ஒரு தகரக் கிளிப் இருந்தால் பேட்டன் ஒயரிங். இதில் ரப்பர் உறை போட்டதும் உண்டு, பின்னால் வந்த பிவிசியும் உண்டு. எதுவுமே வெளியே தெரியாவிட்டால் காங்கிரீட்டுக்குள் பைப் போட்ட கன்சீல்டு. அதிலும் 1970, 80-களில் போட்டதாக இருந்தால் உள்ளே அலுமினிய ஒயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

ரப்பர் ஒயருக்குப் பெரிய எதிரி சூடு. நடுவில் நன்றாக வளைந்து கொடுக்கிற அதே ஒயர், ஹோல்டருக்குள் நுழைகிற கடைசி ஒரு சாண் மட்டும் பட்டாணிக் கடலைத் தோல் மாதிரி நொறுங்கும். 60 வாட், 100 வாட் குண்டு பல்பு ஐம்பது வருஷமாக மேல்நோக்கி அனல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான். அதாவது நீங்கள் கை வைக்கப் போகிற இடம்தான் அந்த ஒயரிலேயே மிக மோசமான இடம்.

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் ஒயர்), பச்சை எர்த் (தரைக்குப் போகும் பாதுகாப்பு ஒயர்) என்பது சரிதான், ஆனால் பழைய இரட்டை ஒயரில் உள்ளே ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் இருக்கும், அதையே ஸ்விட்சுக்கு இறக்கியிருப்பார்கள். சிவப்பு வழியாக ஃபேஸ் இறங்கி, ஸ்விட்ச் போட்டால் கறுப்பு வழியாக அதே ஃபேஸ் மேலே ஏறும். மேலே உங்கள் கையில் இருக்கிற கறுப்பு, நியூட்ரல் இல்லை. நூல் பின்னிய ஒயரில் இந்தக் குழப்பமே கிடையாது, அழுக்கேறி எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

கரண்டை நிறுத்துவது

ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் இருப்பது சகஜம். ஒயரிங் செய்தவர் தவறாகப் போட்டிருக்கலாம், இல்லை, அவர் சரியாகப் போட்டு, பிறகு எப்போதோ கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரையோ மீட்டரையோ மாற்றும்போது இரண்டும் இடம் மாறிப்போயிருக்கலாம், அப்படி மாறினால் வீட்டில் உள்ள அத்தனை ஸ்விட்சும் ஒரே நாளில் நியூட்ரலுக்கு வந்துவிடும், ஆனால் எல்லா லைட்டும் எப்போதும் போல எரியும், அணையும், யாருக்கும் எதுவும் தெரியாது. லைட் அணைந்திருக்கும்போது ஹோல்டருக்குள் முழு 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக் மினுக்கென்று மங்கலாக எரிகிறதா? அதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்விட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்காலும், நீளமாக ஓடும் ஒயர்களாலும் அப்படி ஆகலாம் என்றாலும், பழைய வீட்டில் முதலில் நியூட்ரலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃபியூஸ் கேரியரை, அதாவது ஃபியூஸ் கம்பி கட்டிய பீங்கான் பிடியை, பிடுங்கிவிட்டால்? இதில்தான் என் சித்தப்பா அடிபட்டார். பழைய போர்டில் ஒரே லைனுக்கு இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருந்தது, ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நியூட்ரலில் தனி ஃபியூஸ் இருக்கக் கூடாது என்பது விதி, ஆனாலும் பல பழைய போர்டுகளில் இன்னும் இருக்கிறது. அவர் ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கூடத்து லைட் அணைந்தது, ஸ்டூலில் ஏறி ஹோல்டரின் வளையத்தைத் திருகினார். பிடுங்கியது நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ். தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு உடைந்து ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தார். ஷாக்கை விட விழுந்ததுதான் அவருக்குப் பெரிய அடி, மேலே நின்று செய்கிற எந்தக் கரண்ட் வேலையிலும் அப்படித்தான்.

ஆகவே மெயின் ஸ்விட்சையே இறக்குங்கள். பழைய இரும்புப் பெட்டி மெயின் என்றால் கைப்பிடி கீழே வந்ததும் உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றாக விடுபட வேண்டும், ஆனால் நாற்பது வருஷத் துருவில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் இறக்கிய பிறகு கேரியர்களையும் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் வீடு என்றால் மூன்றும் போக வேண்டும். சில வீடுகளில் ஒரு அறைக்கு ஒரு ஃபேஸ், பக்கத்து அறைக்கு வேறு ஃபேஸ் என்று இருக்கும், ஹோல்டரைத் தாங்கும் வட்ட மரத்துண்டான ஒரே ரவுண்டு கட்டைக்குப் பின்னால் இரண்டும் சந்திப்பதும் உண்டு.

அடுத்து இன்வெர்ட்டர். இது தாத்தா காலத்தில் இல்லாத ஆபத்து, இப்போது பலரும் மறக்கிற ஆபத்து. மெயினை இறக்கினால் இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை அது ஒரு பவர் கட், அவ்வளவுதான். ஒரு நொடியில் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட் லைனுக்கு அனுப்பிவிடும். பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டரில் இருப்பதே லைட்டும் ஃபேனும்தான். முன்பக்க ஸ்விட்சை அணையுங்கள், அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், இன்வெர்ட்டரைத் தவிர்த்து மெயின் கரண்டை நேராக அனுப்பும் பைபாஸ் ஸ்விட்ச் இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மாடியில் சோலார் பேட்டரியோடு இருந்தால் அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். ஊரில் கரண்ட் போயிருக்கிற நேரத்தில் சட்டென்று முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கரண்ட் எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு வராது.

மெயின் அருகில் ஒரு தாளில் 'மேலே ஆள் இருக்கிறார், போடாதே' என்று எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் பெரியவர் ஒருவரை அங்கேயே உட்கார வையுங்கள். பழைய வீட்டில் திடீரென்று இருட்டானால் யாராவது ஒருவர் 'என்ன, ஃபியூஸ் போயிடுச்சா' என்று கேட்டுக்கொண்டே நேராக மெயினுக்குத்தான் போவார்.

கரண்ட் இல்லை என்று உறுதி செய்வது

எல்லார் வீட்டிலும் ஒரு டெஸ்டர் இருக்கும், ஸ்க்ரூ கழற்றி, பெயின்ட் டப்பா திறந்து, ஆணி பிடுங்கி அலுத்துப்போன டெஸ்டர். அதை மட்டும் நம்பி உயிரை வைக்காதீர்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டரும் சின்ன நியான் விளக்கும் இருக்கின்றன, மிகச் சிறிய கரண்ட் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போனால்தான் அது ஒளிரும். நீங்கள் ரப்பர் செருப்போடு மர ஏணியில் நிற்கும்போது அந்த ஒளி மங்கிவிடும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் இதைவிட நம்பகமானது. ஒரு ஹோல்டர், அதில் குண்டு பல்பு, இரண்டு ஒயர், முனை மட்டும் தெரிகிற மாதிரி உறை போட்டது. இரண்டு முனையையும் மேலே இருக்கிற ஒவ்வொரு ஜோடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும், எர்த் இருந்தால் ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையிலும். மல்டிமீட்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஏசி வோல்ட்டேஜில் பெரிய அளவில் வைத்து. ஒரு விஷயம், டிஜிட்டல் மீட்டர் சில நேரம் 30, 40 வோல்ட் என்று காட்டி மிரட்டும், பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து தொற்றுகிற பொய் வோல்ட்டேஜ் அது. ஆனால் நீங்கள் மெயினை இறக்கி இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகு அந்தப் பக்கத்து ஒயரிலும் கரண்ட் இருக்கக் கூடாது அல்லவா? அதனால் பொய் வோல்ட்டேஜ் வந்தால்கூட, எங்கோ இன்னும் ஒரு லைன் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். இறங்கி வந்து தேடுங்கள்.

முறை இதுதான்: முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் டெஸ்ட் லேம்பை வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை இறக்கி மேலே சோதியுங்கள். பிறகு கீழே வந்து, மெயினை ஒரு நிமிடம் போட்டு, அதே பிளக்கில் மறுபடி வைத்துப் பாருங்கள். நடுவில் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் மேலே எரியாதது ஒரு சாட்சியே ஆகாது. திரும்ப மெயினை இறக்கி, கேரியரைப் பிடுங்கி, மேலே போய் இன்னொரு தடவை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஏறி இறங்குங்கள்.

ஏணி மரம் அல்லது ஃபைபர். அலுமினிய ஏணி வேண்டாம், மேசை மேல் ஸ்டூல் போடுவது வேண்டவே வேண்டாம். பகலில் செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பழைய கூரையிலிருந்து விழும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சும்மா உறுத்துவதோடு போகாது.

கழற்றிப் பார்க்கும் நேரம்

ரவுண்டு கட்டையின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே மெதுவாகக் கீழே இறக்குங்கள். இழுக்காதீர்கள். பழைய ஆட்கள் ஒயரை மிச்சம் பிடிப்பார்கள், மேலே இரண்டு அங்குலம்கூட உபரி இருக்காது, நீங்கள் இழுக்கிற இழுப்பு அடுத்த அறை ஜாயின்ட்டில் போய் நிற்கும்.

இரண்டு ஒயர் மட்டும் இருந்தால் வேலை எளிது. நான்கோ ஆறோ இருந்தால், இந்தக் கட்டைக்குப் பின்னால்தான் அடுத்த லைட்டுக்கும் நியூட்ரலை, சில நேரம் ஃபேஸையும், சுற்றிவிட்டிருக்கிறார்கள். கறுப்புத் துணி டேப் சுற்றிய முறுக்கு ஜாயின்ட் தெரியும், சிலதில் ஈயம்கூட வைத்திருப்பார்கள். மூன்று தகடு உள்ள பழைய சீலிங் ரோஸாக (கூரையில் ஒயர்களை இணைக்கும் வட்ட மூடி) இருந்தால் அதில் ஒரு தகட்டில் ஸ்விட்ச் வழியாகப் போகாத நேர் ஃபேஸ் இருக்கலாம். எதையும் பிரிப்பதற்கு முன் நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள், பிறகு ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பிரித்த பிறகு நினைவில் இருக்கும் என்று நினைப்பது வேண்டாம், இருக்காது.

இப்போது ஒயரைச் சோதியுங்கள். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மெதுவாக வளையுங்கள். வெடிப்பு இல்லாமல் வளைந்தால் நல்லது. முனையில் மட்டும் நொறுங்கி, ஓரிரு அங்குலம் தள்ளி நல்ல ரப்பர் தெரிந்தால், நொறுங்கியதை வெட்டிவிட்டு நல்ல இடத்திலிருந்து இணைக்கலாம், வெட்ட நீளம் இல்லாவிட்டால் சூட்டில் சுருங்குகிற ஸ்லீவை நல்ல ரப்பர் வரைக்கும் ஏற்றி மூடலாம். ஆனால் நொறுங்கல் மரப்பட்டிக்குள்ளோ பைப்புக்குள்ளோ போய் மறைகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் டேப் சுற்றி மூடுவது காயத்தின் மேல் வேட்டியைப் போர்த்துவது மாதிரி. வெறும் முனைகளைத் தனித்தனியாகக் கனெக்டரில் அடைத்து, அந்த லைனின் ஃபேஸ் ஃபியூஸைப் போடாமல் விட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டிலிருந்து அந்தப் பாயின்ட் வரை புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் அவரிடம் இன்னும் 1/18, 3/20 என்று பழைய ஒயர் அளவில்தான் பேசுவார்கள், நீங்கள் லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மில்லிமீட்டர்) காப்பர், எர்த்தோடு சேர்த்து மூன்று ஒயர் என்று கேளுங்கள்.

உலோகம் எது என்று பார்ப்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். ரப்பர் ஒயரின் உள்ளே கம்பி வெள்ளையாக மின்னும், உடனே அலுமினியம் என்று நினைத்துவிடுவோம். ரப்பரில் இருக்கிற கந்தகம் செம்பைத் தின்னாமல் இருக்க அந்தக் காலத்தில் செம்புக் கம்பிக்கு ஈயப்பாத்திரம் மாதிரி வெள்ளீயம் பூசுவார்கள். பிளேடு நுனியால் ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, எவ்வளவு சுரண்டினாலும் வெள்ளை என்றால் அலுமினியம். எங்கள் கூடத்தில் நான் அலுமினியம் என்று பயந்துகொண்டிருந்தது சுரண்டியதும் செம்பாக மின்னியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அலுமினியம் என்றால் அதிகம் கவனம் வேண்டும். நான்கைந்து தடவை முன்னும் பின்னும் வளைத்தாலே ஒடியும். காற்றுப் பட்டதும் மேலே ஒரு மெல்லிய படலம் பிடிக்கும், அது கரண்டைக் கடத்தாது. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் அது நசுங்கிக் கொடுத்துத் தளர்ந்துவிடும், தளர்ந்த இடம் சூடாகும். புது லைட்டிலிருந்து வரும் செம்பு ஒயரை அலுமினியத்தோடு முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும். இரண்டையும் இணைப்பதற்கென்றே தயாரித்த கனெக்டர் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், இதுவும் எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டிய வேலைதான்.

எந்த லைட் வாங்குவது

உண்மையில் இந்தக் கேள்வி இப்போதுதான் வர வேண்டும், ஒயரைப் பார்த்த பிறகு. பலர் முதலில் லைட்டை வாங்கிவிட்டு ஒயரோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

பழைய லைட் லைனில் எர்த் இருக்காது. அப்படியானால் உலோக உடம்பு கொண்ட லைட் வேண்டாம். உள்ளே ஒரு ஒயர் உரசினால் லைட்டின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும், யாராவது ஒட்டடை அடிக்க ஏறித் தொடும் வரை அது தெரியாது. பிளாஸ்டிக் உடம்பு, அதில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு என்று அர்த்தம், அதற்கு எர்த் தேவையில்லை. உலோக லைட்தான் வேண்டும் என்றால் எர்த் ஒயர் இழுக்க வேண்டும். பச்சை ஒயரை நியூட்ரலில் சேர்த்து விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் லைட்டின் உடம்பில் நேராக ஃபேஸ் வந்து நிற்கும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் கூடாது, இன்று பாதிக் குழாய் பிளாஸ்டிக்.

சூடு குறைவாக இருப்பதால் எல்இடி பழைய ஒயருக்கு நல்ல துணை. 9 வாட் எல்இடி இழுப்பது ஒரு ஆம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். 40 வாட் டியூப் லைட்டை அதன் கனமான சோக்கோடு கழற்றிவிட்டு டியூப் மாதிரி நீளமான 20 வாட் எல்இடி பேட்டன் மாட்டினால் மின் பளுவும் குறைகிறது, பாரமும் குறைகிறது. பழைய டியூபை உடைக்காமல் எடுத்து வையுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. ஒரு இடத்தில் பீங்கான் ஹோல்டர் உறுதியாக இருந்து, ஒயரும் ஆடாமல் இருந்தால், எதையும் கழற்றாமல் அதே ஹோல்டரில் ஒரு எல்இடி பல்பைப் போட்டுவிட்டு நகர்வதும் நல்ல முடிவுதான். எங்கள் சமையலறையில் அப்படித்தான் விட்டேன்.

பாரமான தொங்கு விளக்கு என்றால், அது ஒயரிலும் தொங்கக் கூடாது, ரவுண்டு கட்டையிலும் தொங்கக் கூடாது. ஃபேன் கொக்கி மாதிரி உத்தரத்திலோ காங்கிரீட் கம்பியிலோ பிடித்த கொக்கி வேண்டும்.

மாட்டுவது

மெட்ராஸ் டெரஸில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற செங்கல், சுண்ணாம்பில் துளை போடாதீர்கள், ஸ்க்ரூ பிடிக்காது, பூச்சுதான் பெயர்ந்து தலையில் விழும். கட்டையில்தான் பிடிக்க வேண்டும். பழைய துளை தளர்ந்திருந்தால் தீக்குச்சி செருகாமல் அரை அங்குலம் தள்ளிப் புதுத் துளை. பழைய தேக்கு இரும்பு மாதிரி, முதலில் மெல்லிய பிட்டால் துளைத்து, ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்புத் தடவித் திருகினால் வெடிக்காமல் இறங்கும். காங்கிரீட் என்றால் துளைக்குள் செருகும் ராவல் பிளக், 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆழம் லேசான லைட்டுக்குப் போதும், அதற்கு மேல் போனால் உள்ளே ஓடுகிற பைப்பைத் துளைக்கலாம். கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் உப்பியிருக்கிற இடத்தில் எதையும் மாட்ட வேண்டாம்.

ஜாயின்ட் எல்லாம் ஒரு மூடிக்குள் இருக்க வேண்டும். பழைய மரக் கட்டைக்குப் பதில் பிவிசி டப்பா வைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ரப்பரை உரிக்கும்போது பிளேடைக் குறுக்கே வைத்துச் சுற்றாமல், பென்சில் சீவுகிற மாதிரி சாய்த்துச் சீவுங்கள். குறுக்கே வெட்டினால் கம்பியில் வடு விழும், பிறகு அங்கேதான் ஒடியும். கனெக்டரில் நுழைத்து இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள், வெளியே வெறும் கம்பி தெரியக் கூடாது. திருகு பல்பு போடுகிற லைட் என்றால் ஃபேஸ் நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் திருகு வளையத்துக்கும் போக வேண்டும், மாறினால் பல்பு மாட்டும் விரலில் அடிக்கும். எது ஃபேஸ் என்று முன்பே சோதித்து டேப்பில் எழுதியிருந்தால் இங்கே யோசிக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் நியூட்ரலில் இருப்பது அந்தச் சோதனையில் தெரியவந்தால், அதைச் சரிசெய்வதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்த ஹோல்டரில் பல்பு மாற்றக்கூட மெயினை இறக்கியே செய்யுங்கள்.

மூடியைப் போட்டு, ஏணியிலிருந்து இறங்கி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போடுங்கள். அப்புறம்தான் லைட் ஸ்விட்ச். கால் மணி நேரம் எரியவிட்டு மூக்கை வைத்துப் பாருங்கள், ரப்பர் கருகுகிற வாடை வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். பக்கத்து அறை லைட், ஃபேன் எல்லாம் முன்பு போலவே ஓடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும், நீங்கள் தொட்ட ஜாயின்ட் அவற்றுக்கும் வழியாக இருந்திருக்கலாம். மின்னுகிறது, விட்டு விட்டு எரிகிறது என்றால் எங்கோ பிடிப்பு தளர்வு.

கையில் பணம் இருந்து ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், புது லைட்டைத் தள்ளிவைத்துவிட்டு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயினுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். லைட் லைனில் எர்த் இல்லாவிட்டாலும் ஒரு ஆளின் உடல் வழியாகத் தரைக்குப் போகிற கரண்டை அது கண்டுபிடிக்கும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. பழைய வீட்டில் போட்டதும் மழைநாளில் அடிக்கடி விழலாம். எலக்ட்ரீஷியன் 'இது தொல்லை, எடுத்துடலாம்' என்பார். எடுக்க விடாதீர்கள். விழுவது அதன் குறை இல்லை, ஈரத்தில் எங்கோ ஒயர் கசிகிறது. ஒயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியைக் கொண்டுவந்து 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற லைனை முதலில் மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. எடுத்த போட்டோக்களைப் பிரின்ட் போட்டு, எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு, எது ஃபேஸ், எது நியூட்ரல், எந்த லைனில் இன்வெர்ட்டர் இருக்கிறது, எந்தத் தேதியில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா இப்போது ஃபியூஸில் கை வைக்கிறார்.